வானொலியில் வளர்ந்த பையன்

கல் இன்னும் வெளுக்கவில்லை. விடிந்ததிலிருந்து எரோனி பன்றி வேகவைக்கும் குழிக்குள் விறகை அடுக்கிக்கொண்டே இருந்தான். அடியில் கிடந்த ஆற்றுக் கற்கள் கறுப்பாகவே கிடந்தன. முந்தின நாள் மழையில் விறகு நனைந்திருந்தது. புகை மேலே போகாமல் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தது.

"இப்பவே பன்னியை இறக்கிடுண்ணே" என்றாள் உனைசி. எரோனியின் தங்கை. கால்களை நீட்டி உட்கார்ந்து மரவள்ளி உரித்துக்கொண்டிருந்தாள். "இந்தச் சூட்டுல அது சாகவும் செய்யாது. வர்ற விருந்தாளி அதோட பேசிக்கிட்டே சாப்பிடலாம்."

"நீ வாயை மூடிக்கிட்டா புகை குறையும்."

"வாயால வர்ற புகையா இது? மதினி, நீ சொல்லு. உன் புருஷன் கல்யாணத்துக்கும் இப்படித்தான் வேகாத பன்னியைப் போட்டான். பெரியவங்க மூணு நாள் ஆத்தங்கரையிலயே குடியிருந்தாங்க."

வசெமதா சிரிக்கவில்லை. உரித்த கிழங்கை அலசிக் கூடையில் போட்டாள். அடுத்ததை எடுத்தாள். காலையிலிருந்து அவள் பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம். மத்தியானம் மூன்று மணிக்கு ஃபிரான்சிலிருந்து ஆள் வருகிறார். அவள் மகனைக் கூட்டிக்கொண்டு போக. எந்த மகனை என்பதுதான் அவள் கூடையில் போட்டும் எடுத்தும் பார்த்துக்கொண்டிருந்த விஷயம்.

எங்கள் தீவின் சிங்கதோகா ஆற்றுப் பள்ளத்தாக்கில் பையன்கள் நடக்கப் பழகியதும் ஓடுவார்கள். ரக்பி ஆடத் துணி திணித்த அரிசிப் பைதான் பந்து. பன்னிரண்டு வயதில் ஊர்ச் சங்கத்தின் சின்னப் பையன்கள் அணி. சனிக்கிழமைகளில் மேல்கரைக்கும் கீழ்க்கரைக்கும் ஆட்டம். மாடு மேய்ந்த திடல், வெறுங்கால். அப்போது சாலையோரம் ஒரு வண்டி நிற்கும். கறுப்புக் கண்ணாடி போட்ட நகரத்துப் பள்ளி மாஸ்டர் இறங்காமலே பார்த்துக்கொண்டிருப்பார். பிடித்த பையன் வீட்டுக்கு அடுத்த வாரம் யங்கோனா வேர்க்கட்டோடு வருவார், பெண் கேட்க வருவதுபோல. வேரை இடித்துக் கரைத்து எல்லாரும் நாக்கு மரத்துப்போகக் குடித்து முடிக்கும்போது பையன் விடுதிக்குப் போவது முடிவாகியிருக்கும். அங்கே நாலரை மணிக்கு எழுப்பி ஆற்று முகத்துவார மணல்மேட்டுக்குக் கூட்டிப்போவார்கள். முதுகில் இன்னொரு பையனைச் சுமந்துகொண்டு மேடேற வேண்டும். பெயின்ட் டப்பாவில் சிமென்ட் ஊற்றிக் குழாயில் கோத்ததுதான் எடை. மூன்று வருஷத்தில் பையனுக்குக் கழுத்து காணாமல் போய்விடும். அப்புறம் யாராவது ஒருவர் கடல் தாண்டி வருவார்.

வசெமதாவுக்கு இரண்டு மகன்கள். மூத்தவன் பெதேலி. இளையவன் இனோகே. இரண்டு வயது வித்தியாசம். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் பெருவெள்ளம் வடிந்த பிறகு வந்த காய்ச்சலில் இனோகே போய்விட்டான். எட்டு வயது. பாலம் இடிந்திருந்ததால் ஆஸ்பத்திரிக்குப் போக முடியவில்லை. வீட்டுக்குப் பின்னால் ஈரப்பலா மரத்தடியில் அடக்கம் செய்தார்கள். பாலம் கட்ட ஐந்து மாதமானது. அதற்குள் சாவைப் பதிய வேண்டும் என்ற நினைப்பே யாருக்கும் இல்லாமல் போயிற்று.

பின்னால் ஒரு புயல் கூரையைக் கொண்டுபோனது. பெதேலி இரண்டு வருஷம் பள்ளிக்குப் போகாமல் அப்பனோடு கத்திரித் தோட்டத்தில் நின்றான். அப்படியும் சனிக்கிழமை ஆட்டத்தை விடவில்லை. ஓரத்தில் ஓடுவான். கையில் பந்து வந்தால் கோட்டுக்கு அப்பால் ஊன்றிவிட்டுத்தான் திரும்பிப் பார்ப்பான். கறுப்புக் கண்ணாடி சைலோசி மாஸ்டர் வேர்க்கட்டோடு வந்தது அப்போதுதான்.

"வயசு என்ன?" என்று கேட்டார்.

"பதினாறு" என்றான் எரோனி.

"அடடா. படிப்பு மூணாம் ஃபாரம். பதினஞ்சுக்குக் கீழ்தான் எனக்கு ஆள் வேணும்." சிரட்டையைக் கையில் உருட்டினார். "வீட்டுல வேற தேதி போட்ட தாள் ஏதாவது இருக்கா?"

உப்பு இருக்கிறதா என்று கேட்பதுபோலத்தான் கேட்டார். எரோனி எழுந்துபோய் பிஸ்கட் டின்னைத் திறந்து இனோகேயின் பிறப்புச் சான்றிதழை எடுத்தான். வசெமதா அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அவளை யாரும் கேட்கவில்லை.

முதல் ஆட்டத்தை அவள் வானொலியில் கேட்டாள். 'இனோகே எரோனி! ஓரத்தில் இனோகே! பிடிக்க ஆளில்லை!' என்று ஒருவர் கத்தினார். ஊரே கை தட்டியது. அவள் வானொலியை அணைத்துவிட்டுப் பின்பக்கம் போய் நின்றாள்.

அடுத்த சனிக்கிழமை அணைக்கவில்லை.

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அவளுக்கு அது பிடித்திருந்தது. பதினைந்துக்குக் கீழே இனோகே. அடுத்த வருஷம் பதினாறுக்குக் கீழே இனோகே. எட்டு வயதில் நின்றுபோனவன் வானொலியில் வளர்ந்தான். ஒருநாள் 'ஆறடி ஒரு அங்குலம் இந்தப் பையன்' என்றார் அந்த ஆள். அவள் அடுக்களை நிலையில் கையை வைத்து, ஆறடி எங்கே வரும் என்று பார்த்தாள். கை எட்டவில்லை. ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தாள்.

விடுமுறைக்கு வந்த பெதேலிக்கு ஒருமுறை வெங்காயம் போடாத கீரையைப் பரிமாறிவிட்டாள். வெங்காயம் சாப்பிடாதவன் இனோகேதான். பெதேலி தட்டைப் பார்த்தான். பிறகு சாப்பிட்டான். கல்லறைப் பக்கம் போவதை அவன் நிறுத்தியிருந்தான். ஆற்றுக்குப் போக அதுதான் குறுக்கு வழி. அவன் சேற்றில் இறங்கிச் சுற்றிப் போவான்.

"ஏன்டா இந்தப் பக்கமா போறே?"

"தாள்படி பார்த்தா இப்ப அங்க யாரும்மா படுத்திருக்கா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவனுக்கும் வந்ததாகத் தெரியவில்லை.

ஒரு வழியாகக் கல் வெளுத்தது. பன்றியையும் கிழங்கையும் இறக்கி, வாழையிலை மூடி, மண் தள்ளினார்கள். அப்போது எரோனியின் அண்ணன் நெமானி கக்கத்தில் வேர்க்கட்டோடு வந்தார். ஊர்ச் சபையில் பேசும் உரிமை குடும்பத்தில் மூத்தவரான அவருக்கு. பிறப்பு, சாவு, பயணம் எதுவானாலும் அவர் வாயால் சொன்ன பிறகுதான் நடந்ததாகக் கணக்கு. ஊரைவிட்டுப் போகிறவன் விடை கேட்காமல் போகக்கூடாது. கேட்காமல் நியூசிலாந்து போன ஒருவன் முதல் ஆட்டத்திலேயே காலை உடைத்துக்கொண்டு வந்ததை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள்.

"எரோனி, இன்னிக்கு யாருக்கு விடை கேக்கணும்?"

"என்னண்ணே இது. பையனுக்குத்தான்."

"பையனுக்குன்னு சபையில சொல்ல முடியாது. பேர் சொல்லித்தான் வேரை வைக்கணும். எந்தப் பேர்?"

எரோனி கையிலிருந்த மண்ணைத் தட்டினான். "இனோகேன்னே சொல்லிடுங்க. வர்றவர் காதுல அதுதான் விழணும்."

"இனோகேக்கு நான் கேட்டாச்சுடா."

"அண்ணே..."

"ஒன்பது வருஷம் முன்னால. இதே வாயால. நீயும் பக்கத்துல உக்காந்து கை தட்டினே. அவனை அனுப்பி வச்சாச்சு. அனுப்பினவனுக்கு மறுபடி விடை கேட்டா, இத்தனை நாளும் அவன் போகாம இங்கேயே சுத்திக்கிட்டு இருந்தான்னு நானே சபையில சொன்ன மாதிரி. அதை என்னால சொல்ல முடியாது."

"அப்ப பெதேலின்னு சொல்லுங்க, மெதுவா. காதுல விழாத மாதிரி."

"மெதுவா சொல்லவா எங்க அப்பன் எனக்கு இந்தத் தொண்டையைக் குடுத்தான்?"

உனைசி களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வர்றவரைக் கொஞ்ச நேரம் ஆத்தங்கரைக்குக் கூட்டிட்டுப் போயிடலாமா?" என்றான் எரோனி.

"விருந்தாளியைச் சபைக்கு வெளியே நிறுத்தறதா? வேற ஊர்ல போய்ச் சொல்லாதே, காறித் துப்புவான்." நெமானி வேர்க்கட்டை மரத்தில் சாய்த்து வைத்தார். வசெமதா பக்கம் திரும்பினார். குரல் தணிந்தது. "நான் சபையில உன்னைத்தான் கேப்பேன் தாயே. பெத்தவ எந்தப் பேரைச் சொல்றாளோ அதை நான் சொல்றேன். பாரத்தை என் நாக்குல ஏத்தாதீங்க."

அவர் போனதும் எரோனி அடுக்களைக்கு வந்தான். வாசலை மறைத்துக்கொண்டு நின்றான்.

"பள்ளத்தாக்குல எத்தனை பையன் ஓடறான். எத்தனை பேருக்கு இப்படி வருது?"

"தெரியும்."

"அவங்க கிளப்புக்குப் பதினெட்டுக்குள்ளதான் வேணும். பெதேலிக்குப் பத்தொன்பது. அந்தப் பேரைச் சொன்னா அவன் மறுபடி கத்திரிக்காய் மூட்டை தூக்கணும். பள்ளிக்கூடம் ஜெயிச்ச கோப்பையும் போகும், மாஸ்டர் வேலையும் போகும். ஒரு வார்த்தை. நீ சொல்லிட்டா முடிஞ்சுது."

"அன்னிக்கு டின்னைத் திறக்கறப்ப என்னைக் கேட்டியா?"

எரோனி பன்றி வேகும் மண் மேட்டைப் பார்க்கப் போனான்.

பெதேலி ஆற்றில் குளித்துவிட்டு வந்தான். இடுப்பில் புதுத் துண்டு, தலையில் தண்ணீர். நிலை இடிக்காமல் குனிந்து உள்ளே வந்தான்.

"பெரியப்பா என்ன சொன்னார்னு அத்தை சொன்னா."

"நீ சொல்லுடா. உனக்கு எது வேணும்?"

"எனக்கு ஆடணும்மா. அவ்வளவுதான். எந்தப் பேர்ல ஓடினாலும் கால் என்னுதுதானே."

"எத்தனை வருஷம் அங்க?"

"கால் இருக்கற வரைக்கும். பத்து, பன்னெண்டு."

"கல்யாணம்?"

"ஆனா ஆகும்."

"எந்தப் பேர்ல?"

அவன் ஈரத் தலையைத் துவட்டினான். "ஏம்மா இதெல்லாம் இப்ப?"

"பிள்ளை பொறந்தா அதுக்கு அப்பன் பேரு?"

"அம்மா" என்றான். பிறகு ரொம்ப மெதுவாக, "எனக்கு வேற வழி இருந்தா சொல்லு" என்றான்.

அவள் காய்ந்த சட்டையை எடுத்துக் கொடுத்தாள்.

மூன்று மணிக்கென்று சொன்னவர்கள் நாலுக்கு வந்தார்கள். வண்டியிலிருந்து முதலில் சைலோசி மாஸ்டர் இறங்கினார். பின்னால் இசோவா. ஃபிரான்சிலிருந்து வந்தாலும் அவர் நம்மவர்தான். மலைக்கு அந்தப் பக்கத்து ஊர். அங்கே பதினோரு வருஷம் ஆடி, இரண்டு முட்டியும் தேய்ந்து, இப்போது பையன்களைப் பொறுக்கி அனுப்பும் வேலை. அவர் ஊருக்கும் எங்கள் ஊருக்கும் மச்சான் முறைக் கேலி உண்டு. வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார்.

"வெள்ளம் வந்தா முதல்ல கத்திரிக்காயைக் காப்பாத்திட்டு அப்புறமா பெண்டாட்டியைத் தேடற ஊர் இதுதானே?"

"உங்க ஊர்ல காப்பாத்த ரெண்டுமே இல்லைன்னு கேள்விப்பட்டோம்" என்றார் நெமானி. எல்லாரும் சிரித்தார்கள். இசோவா முட்டியைப் பிடித்துக்கொண்டு பாயில் மெதுவாக உட்கார்ந்தார். பக்கத்தில் நெகிழித் தாளுக்குள் படிவங்கள். மேல் தாளில் பெதேலியின் படம், இனோகேயின் பெயர், இனோகேயின் பிறந்தநாள்.

சபை கூடியது. பெரியவர்கள் மேல்பக்கம். நடுவே யங்கோனா கரைத்த மரக்கலம். பெண்கள் வாசற்பக்கம். தகரக் கூரையில் மழை முதலில் ஒன்றிரண்டாக விழுந்தது, பிறகு மொத்தமாக இறங்கியது. நெமானி வேர்க்கட்டை இரண்டு கையாலும் ஏந்தினார். மழைக்கு மேல் குரல் எழும்பியது.

"கடல் தாண்டிப் போக இந்த வீட்டுப் பிள்ளை மண்ணிடம் விடை கேட்கிறான். பெத்தவளே, எந்தப் பிள்ளை?"

இசோவா நிமிர்ந்தார். இப்படிக் கேட்பது வழக்கமில்லை என்பது அவருக்கும் தெரியும். சைலோசி மாஸ்டர் வாயைத் திறந்தபடி எரோனியைப் பார்த்தார்.

இனோகே என்று சொல்வதற்கு வசெமதாவின் வாய் தயாராகவே இருந்தது. சொன்னால் அவன் நிற்க மாட்டான். பதினெட்டு, இருபது, இருபத்தைந்து என்று போய்க்கொண்டே இருப்பான். தூர தேசத்தில் மழையில் ஓடுவான். அவன் பெயர் போட்ட படம் வரும். அவனுக்குத் தாடி முளைக்கும். அவளுக்கு இனி ஸ்டூல்கூட வேண்டாம்.

பெதேலி தலை குனிந்து சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான். வலது பாதம் வெளியே தெரிந்தது. கட்டை விரலுக்குக் கீழே நீளமாக ஒரு தழும்பு. பதிமூன்று வயதில் கரும்பு வெட்டப் போன இடத்தில் கத்தி இறங்கியது. அவள்தான் பாவாடையைக் கிழித்துக் கட்டினாள். இரத்தம் நிற்காமல் மடியெல்லாம் நனைந்தது. இனோகேயின் உடம்பில் ஒரு தழும்பும் இல்லை. குளிப்பாட்டி உடுத்தும்போது பார்த்தாள். தழும்பு விழ அவனுக்கு நாள் கிடைக்கவில்லை.

"பெதேலி" என்றாள்.

மழையில் கேட்கவில்லையோ என்று இன்னொரு தரம், உரக்கச் சொன்னாள்.

நெமானி அந்தப் பெயரை எடுத்தார். அவர் அப்பன் கொடுத்த முழுத் தொண்டையாலும் அதை மேல்கரைக்கும் கீழ்க்கரைக்கும் கேட்கும்படி சொன்னார். பெரியவர்கள் கையைக் குவித்து ஆழமாகத் தட்டினார்கள். முதல் சிரட்டை விருந்தாளிக்கு. இசோவா ஒரே மூச்சில் குடித்தார். மூன்று தரம் கை தட்டினார். படிவத்தின் பக்கம் அவர் பார்வை போகவேயில்லை.

பன்றி நன்றாகவே வெந்திருந்தது. இசோவா இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். மாஸ்டர் தட்டைத் தொடவில்லை. மழை விட்டதும் எரோனி வண்டிவரை கூடவே போனான்.

"மச்சான், பெண்டாட்டி துக்கத்துல ஏதோ சொல்லிட்டா. அவளுக்கு அந்தப் பிள்ளை ஞாபகம் வந்தா இப்படித்தான்."

"எந்தப் பிள்ளை?" என்றார் இசோவா.

எரோனி குனிந்து வண்டிச் சக்கரத்தில் ஒட்டியிருந்த சேற்றை வழித்தான்.

இசோவா வண்டிக் கதவில் சாய்ந்து முட்டியை நீவினார். "காதுல விழலைன்னு நான் இருந்துடலாம். எத்தனையோ விஷயம் என் காதுல விழாமப் போயிருக்கு. ஆனா கை தட்டிட்டேன் மச்சான். விடை குடுத்தது பெதேலிக்கு. இப்ப நான் இனோகேன்னு ஒருத்தனை ஏத்திட்டுப் போனா, விடை வாங்காதவனை ஏத்திட்டுப் போறேன். அவனுக்கு அங்க ஏதாவது ஆச்சுன்னா இந்த முட்டியோட நான் எங்க ஓடுவேன்?"

"அப்ப பெதேலியைக் கூட்டிட்டுப் போங்க."

"பத்தொன்பதுக்கு அவங்ககிட்ட இடம் இல்லை. ஊர்க் கிளப்புல பெரியவங்க ஆட்டத்துல ஆடட்டும். அங்கேயும் ஆள் வந்து பார்ப்பாங்க. எப்பவாவது." மாஸ்டரைப் பார்த்தார். "நீங்க முன்னாடி ஏறுங்க மாஸ்டர். போற வழியில பேச வேண்டியது இருக்கு."

பெதேலி அடுக்களையில் இருட்டுப் பக்கமாக நின்றான். அவள் தட்டில் கிழங்கு எடுத்து வைத்தாள்.

"அவன் செத்து ஒன்பது வருஷம்மா. இன்னிக்கும் நீ அவனைத்தான் பார்த்தே. அவன் பேரைப் பத்திரமா வச்சுக்கிட்டே. என்னைக் கத்திரித் தோட்டத்துல விட்டுட்டே."

அவனுக்குச் சொல்ல அவளிடம் நிறைய இருந்தது. மூன்று வருஷமாக வானொலியில் யாரை அவள் வளர்த்தாள், இன்று மழைக்குள் யாரை நிறுத்திவிட்டு வந்தாள் என்பதெல்லாம். சொன்னால் அவன் பயந்துபோவான் என்று தோன்றியது.

"சாப்பிடு" என்றாள்.

அவன் தட்டை எடுத்துக்கொள்ளாமல் வெளியே போனான். முன் வாசல் வழியாக அல்ல. பின்பக்கமாக, ஈரப்பலா மரத்தைத் தாண்டி, குறுக்கு வழியாக ஆற்றுக்குப் போனான். காலடிச் சத்தம் மரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு போயிற்று.

பள்ளியிலிருந்து ஒரு தாளும் வரவில்லை. பெதேலியின் பெட்டி மட்டும் பேருந்தில் வந்தது. சனிக்கிழமை ஆட்டத்தில் 'இனோகே எரோனிக்குக் காயம், அவன் இடத்தில் வேறொருவன்' என்றார் வானொலிக்காரர். அதற்குப் பிறகு அந்தப் பெயரைச் சொல்லவில்லை. வசெமதா ஆட்டம் முடியும்வரை கேட்டாள். அன்றிரவு அவள் சாப்பிடவில்லை. உனைசி மட்டும் அதைக் கவனித்தாள். கேலி பேசாமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

திங்கட்கிழமை கத்திரி அறுப்பு. மழைக்குப் பிறகு வெயில் கடுமையாக இருந்தது. வெட்டின காய்களைச் சாக்கில் கட்டி, பெதேலி தோளில் ஏற்றிச் சாலைக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தான். ஒரு மூட்டையை இறக்கிவிட்டு வரும்போது மட்டும் ஓடி வந்தான். யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில், வரப்பின் முனையில் காலைத் திடீரென்று மாற்றி, இல்லாத ஒருவனை ஏமாற்றிவிட்டுத் திரும்பினான்.

வசெமதா தூக்குவாளியோடு வரப்பில் நின்றாள். அவன் முதுகைக் காட்டிக்கொண்டு அடுத்த மூட்டையைக் கட்டினான்.

"பெதேலி."

சாக்குக் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டான்.

"பெதேலி."

அவள் செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டுச் சேற்றில் இறங்கினாள். கணுக்கால் வரை புதைந்தது. நாலு சால் தாண்டி அவனுக்குப் பின்னால் வந்து நின்றாள். தொடவில்லை.

"பெதேலி."

திரும்பினான். முகமெல்லாம் வேர்வை. அவளையும் வாளியையும் அவள் காலில் அப்பியிருந்த சேற்றையும் பார்த்தான்.

"என்ன கொண்டு வந்திருக்கே?" என்றான்.

"கிழங்கு. கீரை. வெங்காயம் போட்டிருக்கேன்."

"கையைக் கழுவிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு வாய்க்காலுக்கு நடந்தான்.